பழைய மோட்டார் சைக்கிள்: திருத்துவதா, விற்பதா?

மேற்கே பெருங்கடலும் கிழக்கே புத்தளம் களப்பும் சூழ, வடக்கு நோக்கி நீண்டு கிடக்கும் மணல் நிலம் கற்பிட்டித் தீபகற்பம். அத்தீபகற்பத்து ஊர்களுள் ஒன்று குறிஞ்சிப்பிட்டி. மீன்பிடியும் தோட்டச் செய்கையும் இப்பகுதி மக்களின் முதன்மையான தொழில்கள். கடலிலும் களப்பிலும் பிடிபடும் மீன் வாடிப் போகுமுன் விற்பனையாக வேண்டும். மணற்பாங்கான தோட்டங்களில் விளையும் வெங்காயமும் மிளகாயும் பீற்றூட்டும் சந்தையை அடைய வேண்டும். பாலாவியிலிருந்து நுரைச்சோலை வழியாகக் கற்பிட்டிக்குச் செல்லும் பெருவீதியை விட்டு இறங்கினால், பல இடங்களில் மணல் ஒழுங்கைகளே வழி. லொறி நுழைய இயலாத அவ்வொழுங்கைகளில் நுழைந்து வரக்கூடியது மோட்டார் சைக்கிள். விடியற்காலையில் ஐஸ் பெட்டியைச் சுமக்கும் அதே வண்டி, காலை ஏழு மணிக்குப் பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஏற்றிச் செல்கிறது. நள்ளிரவில் நோயாளி ஒருவரை வைத்தியசாலைக்குக் கொண்டு செல்வதும் அதுவே.

இத்தகைய வண்டி ஒருநாள் நின்றுவிடுகிறது. அல்லது, நிற்காவிட்டாலும், புகை கக்குகிறது, சத்தம் போடுகிறது, உதைத்து உதைத்துக் கால் வலித்த பின்னரே உயிர் பெறுகிறது. அப்போது அவ்வீட்டின் முற்றத்தில் ஒரு சிறு சபை கூடிவிடும். “நானா, இது இனி உதவாது. கிடைக்கிற விலைக்குக் குடுத்துடுங்க” என்பார் ஒருவர். “எஞ்சினைப் பிரிச்சுச் செஞ்சா இன்னும் பத்து வருஷம் ஓடும், நானா” என்பார் மற்றவர். இருவரும் நல்லெண்ணத்துடனேயே சொல்கின்றனர். ஆயினும் வண்டிக்காரர் குழப்பம் தீர்வதில்லை. காரணம், இருவருமே எஞ்சினை மட்டும் எண்ணிப் பேசுகின்றனர் என்பதே. கடற்கரை ஊரொன்றிலே பழைய மோட்டார் சைக்கிளின் ஆயுளை முடிவு செய்வது பெரும்பாலும் எஞ்சின் அன்று. முதலில் பார்க்க வேண்டியது சட்டகம், அடுத்துப் பத்திரம், அதன் பின்னரே எஞ்சின், இறுதியிலேயே பணக்கணக்கு. இவ்வரிசை மாறினால் முடிவும் பிழைத்துப் போவதற்கு இடமுண்டு.

பணக்கணக்கு இறுதியில் வருவது என்றாலும், அதன் பின்னணியை முன்னரே அறிந்திருத்தல் நன்று. இலங்கையில் பழைய வாகனம் வெறும் பழைய பொருளாகக் கருதப்படுவதில்லை. அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் 1960களிலும், 1977 வரை 1970களிலும் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. மொறிஸ் மைனர், ஒஸ்டின் போன்ற கார்களை உதிரிப்பாகம் கடைந்து போட்டுப் போட்டு ஓட்டும் கலையை நம்மவர் அக்காலத்தில் கற்றனர். 1977இல் கட்டுப்பாடுகள் தளர்ந்த பின்னர் ஜப்பானிய மோட்டார் சைக்கிள்கள் பெருகின. பின்னர் இந்திய வண்டிகளும் வந்தன. 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டது. ஏறக்குறைய ஐந்தாண்டுகள் புதிய வண்டி வரவில்லை. ஓடிப் பழகிய வண்டிகளின் விலை ஏறிக்கொண்டே போயிற்று. தனிப்பட்ட பாவனைக்கான வாகனங்களின் இறக்குமதி 2025 பெப்ரவரி முதலாந் திகதி தொடக்கமே மறுபடியும் அனுமதிக்கப்பட்டது. இதனால் விளைந்தது யாதெனில், 2020க்கும் 2025க்கும் இடையில் ஒருவர் கேள்விப்பட்ட விலையை மனத்தில் வைத்துக்கொண்டு அதன் பின்னர் தம் வண்டியை விற்க முயன்றால் ஏமாற்றமே மிஞ்சும். விலை என்பது நேற்றைய செய்தியன்று. அன்றன்று சந்தையில் விசாரித்து அறிய வேண்டியது.

இனி முதலாவதான சட்டகத்துக்கு வருவோம். மக்கள் வழக்கில் இதனைச் சேசி என்பர். எஞ்சின், சில்லுகள், இருக்கை ஆகிய அனைத்தையும் தாங்கி நிற்கும் இரும்பு எலும்புக்கூடு இதுவே. இவ்வெலும்புக்கூட்டின் பகைவன் உப்பு.

இரும்பு துருப்பிடிப்பதற்கு நீரும் காற்றிலுள்ள ஒட்சிசனும் போதுமானவை. அவ்வாறாயின் உப்பு என்ன செய்கிறது? அது இரண்டு வகையில் தீங்கு செய்கிறது. உப்புக் கலந்த நீர் மின்னை எளிதாகக் கடத்தும். துருப்பிடித்தல் என்பது உண்மையில் ஒரு நுண்ணிய மின்னிரசாயனத் தாக்கமாதலால், நீரில் உப்பு சேரச் சேர அது விரைவு பெறுகிறது. இரண்டாவது தீங்கு இன்னும் நயவஞ்சகமானது. உப்பு காற்றிலுள்ள ஈரத்தைத் தன்னிடம் இழுத்துக்கொள்ளும். காற்றின் ஈரப்பதன் நூற்றுக்கு 75 அளவை எட்டினால் சாதாரண உப்பே கசிந்து நீராகத் தொடங்கும். கடல் உப்பில் கலந்துள்ள மக்னீசியம் குளோரைட்டோ அதிலும் மிகக் குறைந்த ஈரப்பதனிலேயே நீரை ஈர்க்கும். ஆதலின் உப்புப் படிந்த இரும்பு, மழை பெய்யாத நாளிலும், பனி இறங்கும் இரவுதோறும் நனைந்தே கிடக்கிறது. ஒரு லீற்றர் கடல் நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு உண்டு. அலை உடையும் இடத்தில் எழும் நுண்டுளிகளைக் காற்று ஊருக்குள் கொண்டு வருகிறது. புத்தளத்து உப்பளங்களிலே உப்பை விளைவிக்கும் அதே வெயிலும் காற்றும், வீட்டு முற்றத்தில் நிற்கும் வண்டியின் மேலும் உப்பை விளைவித்துக்கொண்டிருக்கின்றன என்று கூறின் அது மிகையாகாது.

மே மாதம் முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குக் காற்று இக்கரையில் ஓயாது வீசும். அக்காலத்தில் மழை குறைவு. மழை இல்லையெனின் துருவும் இல்லை என்று பலர் எண்ணுவர். நடப்பதோ வேறு. மழை பெய்தால் வண்டியின் மேற்பரப்பிலுள்ள உப்பையாவது கழுவிவிடும். மழையற்ற மாதங்களில் உப்புப் படிந்துகொண்டே போகும். மழை பெய்தாலும் அது கழுவாத இடம் ஒன்றுண்டு. அதுதான் வண்டியின் அடிப்புறம். ஆகவே மேலே மினுக்கமாகத் தோன்றும் வண்டியின் கீழே அழிவு மறைந்திருக்கக்கூடும். மீன் பெட்டி சுமக்கும் வண்டிகளுக்கு இன்னுமொரு கேடு சேர்கிறது. ஐஸ் கரைந்து மீன் நீருடன் கலந்து ஒழுகும் உப்புத் தண்ணீர், பின் மட்காட்டின் உட்புறத்திலும், சங்கிலியிலும், பின் சில்லைத் தாங்கும் கவையிலும் நாள்தோறும் விழுகிறது. பற்றறியின் அமிலம் கசிந்திருந்தால் அதன் கீழுள்ள தகடும் அரிபட்டுவிடும்.

எனவே பரிசோதனை கீழிருந்து தொடங்க வேண்டும். வண்டியை ஒரு பழைய சாக்கின் மேல் பக்கவாட்டில் மெல்லச் சாய்த்து வைக்கலாம். அதற்குமுன் பெற்றோலை வடித்துப் பற்றறியைக் கழற்றிவிடுதல் அவசியம். அடிப்புறத்து மண்ணையும் எண்ணெய்ப் பிசுக்கையும் சுரண்டிக் கழுவிய பின், நான்கு இடங்களைக் கூர்ந்து நோக்க வேண்டும். கைபிடித் தண்டு சட்டகத்தோடு பொருந்தும் கழுத்து ஒன்று. எஞ்சினைத் தாங்கும் ஆணிகளின் சுற்றுப்புறம் இரண்டு. பின் கவை சட்டகத்தில் கோக்கப்பட்ட அச்சாணி மூன்று. இருக்கையின் கீழ், பின் அதிர்வு தாங்கிகள் பொருந்தும் மேல்முனை நான்கு. வண்டியின் பாரமும் அதிர்ச்சியும் இந்நான்கு இடங்களிலேயே குவிகின்றன.

துரு கண்ணுக்குத் தெரிவதனாலேயே வண்டி கெட்டுவிட்டது என்பதில்லை. மேற்றோலில் மட்டும் படர்ந்த துருவைச் சுரண்டினால் கீழே நல்ல இரும்பு பளிச்சிடும். அதற்கு மருந்து வர்ணம். தகடு தகடாக உரிந்து வரும் துரு வேறு வகை. துரு, தான் உண்ட இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும் இயல்புடையது. ஆதலால் தடித்துத் தோன்றும் இடமே உண்மையில் மெலிந்த இடம். சிறு சுத்தியலினால் மெல்லத் தட்டிப் பார்த்தால் நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். அரிபட்ட இரும்பு மந்தமாக ஒலிக்கும். திருப்புளியின் முனையை வைத்து அழுத்தும்போது அது உள்ளே இறங்குமாயின், ஐயத்துக்கு இடமில்லை. ஹொண்டா நிறுவனம் 1958இல் அறிமுகம் செய்த சுப்பர் கப் வகையையொத்த சிறிய வண்டிகளில் சட்டகத்தின் பெரும் பகுதி அழுத்தி வளைத்த தகட்டினால் ஆனது. அத்தகைய சட்டகத்தினுள் ஈர மண் தங்கி, உள்ளிருந்து வெளியே அரிப்பு நடைபெறலாம். அவ்வகை வண்டிகளைப் பார்ப்பவர்கள் இரட்டிப்பு விழிப்புடன் இருத்தல் வேண்டும்.

“ஒட்டு வைத்து வெல்டிங் பண்ணினால் போதாதா?” என்று கேட்பவர் உண்டு. மட்காட்டிலோ பெட்டி தாங்கியிலோ விழுந்த ஓட்டைக்கு அது போதும். கழுத்திலும் பின் கவையிலும் அது போதாது. வெல்டிங் பற்றிக்கொள்வதற்கு நல்ல இரும்பு வேண்டும். அரிபட்ட தகட்டின் மேல் வைத்த ஒட்டு, தான் உறுதியாக இருந்தாலும் தன் விளிம்பிலுள்ள மெல்லிய தகட்டைப் பிளந்துகொண்டு போய்விடும். அது பிளப்பது முற்றத்தில் நிற்கும்போதன்று. இருவர் ஏறி, பெட்டி நிறையப் பாரத்துடன் பள்ளத்தில் இறங்கும்போதே. கழுத்து முறிந்த வண்டியை எந்தச் சாரதியாலும் கட்டுப்படுத்த முடியாது.

சட்டகத்துக்கு இன்னொரு முதன்மையும் உண்டு. வண்டியின் சேசி இலக்கம் அதிலேயே பொறிக்கப்பட்டுள்ளது. பதிவுச் சான்றிதழில் எழுதப்பட்டிருப்பதும் அவ்விலக்கமே. பழைய எஞ்சினுக்குப் பதிலாக வேறோர் எஞ்சினைப் பொருத்தினால் அதனை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் முறைப்படி அறிவித்துப் பதிவைத் திருத்திக்கொள்ளலாம். சட்டகத்தை மாற்றுவதோ வண்டியின் அடையாளத்தையே மாற்றுவதாகும். ஆகவே எஞ்சின் செத்தாலும் வண்டி பிழைக்கும். சட்டகம் செத்தால் வண்டி செத்தது என்றே கொள்ளல் வேண்டும். அந்நிலையில் திருத்துவதா விற்பதா என்ற வினாவுக்கே இடமில்லை. உதவக்கூடிய பாகங்களைக் கழற்றி விற்றுவிட்டு, எஞ்சியதைப் பழைய இரும்புக்குக் கொடுத்து, பதிவையும் முறைப்படி நீக்கிக்கொள்வதே தக்கது.

சட்டகம் தேறிவிட்டதாக வைத்துக்கொள்வோம். அடுத்தது பத்திரம். கிராமப்புறங்களிலே கைமாறிக் கைமாறி வந்த வண்டிகள் பல, முதல் உரிமையாளர் பெயரிலேயே நின்றுவிடுகின்றன. கைச்சாத்து இட்டு, வாங்குபவர் பெயரை எழுதாமல் வெறுமையாக விடப்பட்ட மாற்றுப் படிவத்துடன் வண்டி விற்பனையாகும். இதனைத் திறந்த பத்திரம் என்பர். வாங்கும்போது இது சுலபமாகத் தோன்றும். பெயர் மாற்றக் கட்டணமும் அலைச்சலும் மிச்சம் என்று இருதரப்பாரும் மகிழ்வர். முதல் உரிமையாளர் காலமாகிவிட்டாலோ, வெளிநாடு சென்றுவிட்டாலோ அம்மகிழ்ச்சி தொல்லையாக மாறும். பத்திரம் ஒழுங்கில்லாத வண்டியைத் திருத்துவதற்குப் பெருந்தொகை செலவிட்டவர், நாளை அதனை நியாயமான விலைக்கு விற்க முடியாது. காப்புறுதி வழக்கு வந்தாலும் தம் உரிமையை நிறுவுவது கடினம். ஆகையால் எஞ்சினைப் பிரிக்குமுன் மூன்று பத்திரங்களைப் பிரித்துப் பார்த்தல் நன்று. பதிவுச் சான்றிதழிலுள்ள சேசி இலக்கமும் எஞ்சின் இலக்கமும் வண்டியில் உள்ளவற்றோடு ஒத்திருக்கின்றனவா? வருமான அனுமதிப்பத்திரம் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட்டுள்ளதா, அன்றி நிலுவை உண்டா? காப்புறுதி நடைமுறையில் உள்ளதா? வருமான அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிப்பதற்குப் புகைப் பரிசோதனைச் சான்றிதழ் வேண்டும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். இப்பரிசோதனை 2008ஆம் ஆண்டு தொடக்கம் நாட்டில் நடைமுறையில் உள்ளது. கரும்புகையோ நீலப்புகையோ கக்கும் வண்டி, வீதியில் ஓடினாலும் பத்திரத்தில் ஓடாது.

மூன்றாவது எஞ்சின். இங்கே முதலில் அறிய வேண்டிய உண்மை, சிறிய குறைகள் பெரிய நோய் போல வேடம் போடும் என்பதே. வண்டி உயிர் பெற மறுத்தால், அதற்குக் காரணம் தேய்ந்த பிளக்காக இருக்கலாம். மணல் அடைத்த காற்று வடிகட்டியாக இருக்கலாம். பெற்றோல் தாங்கியின் உட்புறத்துத் துரு காபரேற்றரின் நுண் துளையை அடைத்திருக்கலாம். வால்வு இடைவெளி மாறியிருக்கலாம். மின்கம்பிகளின் செப்பு முனைகளில் பச்சை பூத்திருந்தாலும் மின்பொறி பிறவாது. இவற்றைச் சீர் செய்வதற்கு ஒரு காலைப்பொழுதும் சிறு தொகையும் போதும். சிறு தொகையில் தீரும் குறைக்காக வண்டியையே அடிமாட்டு விலைக்குக் கொடுத்துவிட்டு, வாங்கியவர் மறுநாளே அதனை ஓட்டிச் செல்வதைப் பார்த்து நின்றவர்கள் எல்லா ஊரிலும் உளர்.

உண்மையான தேய்வை அறிவதற்கு எளிய வழிகள் உள. உதைக்கும்போது காலுக்கு எதிர்ப்புத் தோன்றாமல் மிதி தளர்ந்து இறங்கினால் அமுக்கம் போய்விட்டது என்பது பொருள். அமுக்கம் எங்கே கசிகிறது? பிளக்கைக் கழற்றி, அத்துளை வழியாக ஒரு தேக்கரண்டி எஞ்சின் எண்ணெயை விட்டு, பிளக்கைப் பூட்டி மறுபடியும் உதைத்துப் பார்க்கலாம். எதிர்ப்பு இப்போது கூடுமாயின், பிஸ்டன் வளையங்களும் சிலிண்டரும் தேய்ந்துள்ளன. எண்ணெய் அவ்விடைவெளியைச் சற்றே அடைத்ததனால் அமுக்கம் கூடிற்று. எதிர்ப்பில் மாற்றம் இல்லையாயின், குறை பெரும்பாலும் வால்வுகளில் உள்ளது. புகையின் நிறமும் பேசும். நான்கு அடிப்பு எஞ்சினில் நீலப்புகை வந்தால் எண்ணெய் எரிகிறது. கரும்புகை வந்தால் பெற்றோல் அளவுக்கு மிஞ்சிச் செல்கிறது. அது காபரேற்றரைச் சரி செய்தால் தீரும். குளிர் காலையில் சற்றே தோன்றி மறையும் வெண்புகை வெறும் நீராவி. அதற்கு அஞ்ச வேண்டியதில்லை.

சிலிண்டர் தேய்ந்துவிட்டால் அதனைக் கடைந்து, சற்றுப் பெரிய பிஸ்டனைப் போடுவது வழக்கம். பெரும்பாலான வண்டிகளுக்கு 0.25, 0.50, 0.75, 1.00 மில்லிமீற்றர் என்ற படிகளில் பெரிய பிஸ்டன்கள் கிடைக்கும். எனவே மெக்கானிக்கிடம் கேட்க வேண்டிய கேள்வி, “எஞ்சின் செய்ய எவ்வளவு போகும்?” என்பது மட்டுமன்று, “இது எத்தனையாவது படியில் நிற்கிறது?” என்பதும் கேட்கப்பட வேண்டும். முதற்படியில் நிற்கும் எஞ்சினுக்கு முன்னே இன்னும் வாழ்வு உண்டு. கடைசிப் படியைக் கடந்துவிட்ட எஞ்சினுக்குச் சிலிண்டரின் உட்குழலையே மாற்ற வேண்டும். செலவும் அதற்கேற்ப ஏறும். அடிப்பாகத்திலிருந்து தட்டுவது போன்ற கனத்த ஒலி எழுந்தால், பிஸ்டன் தண்டின் அடிப் பேரிங் தேய்ந்திருக்கலாம். அதற்கு எஞ்சின் முழுவதையும் பிரித்தாக வேண்டும்.

சங்கிலி, பற்சக்கரம், பிரேக் சூ, சில்லுக் கம்பி, ரயர் ஆகியவை தேய்வதற்கென்றே ஆக்கப்பட்டவை. மணல் ஒழுங்கையில் ஓடும் வண்டியின் சங்கிலி, எண்ணெயும் மணலும் கலந்த பசையில் அரைபட்டு விரைவில் தேயும். இவற்றை மாற்றும் செலவைக் கணக்கில் சேர்க்க வேண்டும். ஆனால் இவை தேய்ந்துவிட்டன என்பதற்காக வண்டியை வெறுக்க வேண்டியதில்லை. உதிரிப்பாகம் உண்மையாகவே கிடைக்குமா என்பதையோ முற்பணம் கொடுக்குமுன் கடையில் நேரில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். ஊரில் பலரிடம் உள்ள வகை வண்டிக்குப் புத்தளத்திலேயே பாகம் கிடைக்கும். அரிய வகை வண்டிக்காரர் ஒரு சிறு பாகத்துக்காகக் கொழும்பு வரை சென்று வெறுங்கையுடன் திரும்பவும் நேரிடும்.

இனிப் பணக்கணக்கு. திருத்தும் செலவு எவ்வளவு என்ற ஒரே தொகையை வைத்துக்கொண்டு முடிவு செய்ய இயலாது. நான்கு தொகைகள் வேண்டும். இப்போதுள்ள நிலையில் விற்றால் கிடைப்பது. திருத்துவதற்கு ஆகும் செலவு. திருத்திய பின் விற்றால் கிடைப்பது. அதே வேலையைச் செய்யக்கூடிய வேறொரு நல்ல வண்டியின் விலை. உதாரணத்துக்காகச் சில தொகைகளை எடுத்துக்கொள்வோம். ஒருவரது வண்டி உள்ளபடியே 80,000 ரூபாய்க்குப் போகும். திருத்தச் செலவு 60,000. திருத்திய பின் 130,000க்கு விற்கலாம். வேறு நல்ல வண்டி வாங்க 220,000 வேண்டும். இவர் விற்பதற்காகத் திருத்தினால், 60,000 செலவிட்டு 50,000தான் கூடுதலாகப் பெறுவார், 10,000 நட்டம். வைத்திருப்பதற்காகத் திருத்தினாலோ, விட்டுக்கொடுத்த 80,000மும் செலவிட்ட 60,000மும் சேர்ந்து 140,000 ரூபாயில் ஓடும் வண்டி ஒன்று அவருக்கு உரியதாகிறது. வேறு வண்டிக்கு 220,000 வேண்டும். ஆகவே ஒரே வண்டி, ஒரே செலவு; விற்பதற்காகத் திருத்துவது நட்டம், வைத்திருப்பதற்காகத் திருத்துவது இலாபம். நோக்கத்தை முதலில் தீர்மானிக்காதவர் இவ்விரண்டையும் ஒன்றோடொன்று மயக்கிக்கொள்வர்.

இதனோடு கணக்கு முடிந்துவிடவில்லை. 80,000 மிச்சம் என்று தோன்றும் அத்தொகை எத்தனை மாதங்களுக்கு நிலைக்கும் என்பதையும் எண்ண வேண்டும். திங்களொன்றுக்கு 1,000 கிலோமீற்றர் ஓடுபவரின் பழைய வண்டி லீற்றருக்கு 40 கிலோமீற்றரும் வேறு வண்டி 50 கிலோமீற்றரும் ஓடுமாயின், முன்னதற்கு 25 லீற்றரும் பின்னதற்கு 20 லீற்றரும் செலவாகும். வேறுபாடு 5 லீற்றர். லீற்றர் 300 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு 18,000 ரூபாய். இதனைச் சிறு தொகை என்று யாரும் தள்ளிவிட மாட்டார்கள். 2022ஆம் ஆண்டை மறந்தவர் இலர். அவ்வாண்டு ஜூன் மாதத்தில் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாய்க்கு ஏறிற்று. ஜூலையில் கியூஆர் குறியீட்டு முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரமொன்றுக்கு 4 லீற்றரே முதலில் வழங்கப்பட்டது. அந்த 4 லீற்றரில் 160 கிலோமீற்றர் ஓடிய வண்டிக்கும் 200 கிலோமீற்றர் ஓடிய வண்டிக்கும் உள்ள வேறுபாடு, ஒரு குடும்பத்துக்கு ஒருநாள் வருமானமாக இருந்திருக்கும். இழந்த நாட்களையும் அவ்வாறே எண்ண வேண்டும். தோட்டக்காரரின் வண்டி ஒருநாள் நின்றால் வெங்காயம் மறுநாள் வரை பொறுக்கும். மீன்காரரின் வண்டி வழியில் நின்றால் பெட்டியிலுள்ள மீன் பொறுக்காது. ஆகவே ஒரே வண்டியைத் தோட்டக்காரர் திருத்தி வைத்துக்கொள்வதும், மீன்காரர் விற்றுவிட்டு நம்பத்தக்க வண்டி தேடுவதும், இரண்டுமே சரியான முடிவுகளாக இருக்கலாம்.

கணக்கில் சேர்க்கக் கூடாத தொகை ஒன்றும் உண்டு. “போன வருஷந்தானே முப்பதாயிரம் போட்டேன், அதை எப்படி விடுவது?” என்று சிலர் கூறுவர். போன வருடம் போட்ட பணம் போய்விட்டது. வண்டியைத் திருத்தினாலும் அது திரும்பாது, விற்றாலும் திரும்பாது. இனிச் செலவிடப் போகும் பணமும், இனிக் கிடைக்கப் போகும் பயனுமே ஒப்பிடத்தக்கவை. இழந்த பணத்தைக் காப்பதற்காக மேலும் பணம் இழப்பவர் பலர்.

வாப்பா ஓட்டிய வண்டி, முதல் உழைப்பில் வாங்கிய வண்டி என்ற பற்றும் இயல்பானதே. அப்பற்றைக் கேலி செய்வதற்கில்லை. ஆனால் அதனை இலாபக் கணக்காக வேடமிடச் செய்தல் ஆகாது. நினைவுக்காக இவ்வளவு செலவிட முடியும் என்று வீட்டார் கூடித் தெரிந்து செலவிடுவது நேர்மை. பிள்ளையின் பாடசாலைச் செலவைக் குறைத்துக்கொண்டு, இலாபம் என்று பெயர் சூட்டிச் செலவிடுவது அவ்வாறன்று.

விற்பது என்று முடிவாயிற்றெனின், எப்படி விற்பது என்பது எஞ்சுகிறது. இங்கேதான் இப்பொருள் பணத்தைக் கடந்து செல்கிறது. சட்டகத்து ஓட்டையைப் பட்டியினால் அடைத்து, மேலே புது வர்ணம் தெளித்து, தடித்த எண்ணெய் ஊற்றிச் சத்தத்தை மறைத்து விற்பதை வியாபாரத் தந்திரம் என்று சிலர் பெருமையாகக் கூறுவதுண்டு. சிறிய ஊரில் விற்ற வண்டி எங்கும் போய்விடுவதில்லை. அடுத்த தெருவிலேயே ஓடும். அதன் பின்னிருக்கையில் அமர்ந்து செல்வது அயலவரின் பிள்ளையாக இருக்கும். குறையைச் சொன்னால் விலை குறையும் என்பது உண்மையே. குறைந்த அத்தொகை, மறைத்துப் பெறும் தொகையைவிட நிம்மதியானது. குறையை அறிந்து வாங்குபவர் அதனைத் திருத்தியே ஓட்டுவார். அறியாமல் வாங்குபவர் நம்பி ஓட்டுவார். சட்டகம் கெட்ட வண்டியை ஓட்டுவதற்கென்று எவருக்கும் விற்றல் ஆகாது.

விற்பவர் தம் பாதுகாப்பையும் எண்ணுதல் வேண்டும். பெயர் மாற்றாமல் விற்ற வண்டி விபத்துக்கோ குற்றத்துக்கோ உட்பட்டால், பொலிசார் பதிவிலுள்ள பெயரைத் தேடியே வருவர். 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டம், உரிமை மாற்றத்தைத் திணைக்களத்துக்கு அறிவிக்கும் கடமையை விதித்திருப்பதன் பயன் இதுவே. விற்ற திகதி, நேரம், வாங்கியவரின் அடையாள அட்டை இலக்கம் ஆகியவற்றை எழுதி இருவரும் கைச்சாத்திட்டு, ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொண்டு, உரிமை மாற்றத்தையும் தாமதமின்றி அறிவித்துவிட்டால் பின்னர் வருந்த நேராது.

திருத்தி வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தவருக்கும் கடமை உண்டு. திருத்திய வண்டியைப் பழையபடியே உப்பில் நிறுத்தினால் இரண்டாண்டுகளில் அதே சபை அதே முற்றத்தில் கூடும். வாரத்துக்கு ஒருமுறையாயினும், மீன் சுமந்த நாளில் அன்றன்றும், நல்ல தண்ணீரால் வண்டியின் அடிப்புறத்தைக் கழுவுதல் வேண்டும். கழுவியபின் ஈரம் காயவிட்டுச் சங்கிலிக்கு எண்ணெய் இட வேண்டும். ஐஸ் பெட்டியின் கீழே ஒரு தட்டும், அதிலிருந்து நீரை வண்டிக்குப் புறத்தே வடிக்கும் ஒரு குழாயும் பொருத்தினால், பின் கவையின் ஆயுள் நீளும். பொலித்தீனால் இறுகப் போர்த்துவது பாதுகாப்பு என்று பலர் எண்ணுகின்றனர். அது உப்பையும் ஈரத்தையும் உள்ளேயே சிறைப்படுத்திவிடும். காற்றோட்டமுள்ள கூரையின் கீழ், கடற்காற்று நேரே அடிக்காத பக்கத்தில் நிறுத்துவதே சிறந்தது. சுரண்டுபட்ட இடத்தில் உடனே வர்ணம் பூசுதல் வேண்டும். உப்பு நுழைவதற்கு ஊசி முனையளவு வாயில் போதும்.

ஆகவே, முற்றத்திலே கூடும் அச்சிறு சபையில் அடுத்தமுறை ஒருவர், “திருத்துவதா, விற்பதா?” என்று கேட்கும்போது, முதலில் ஒரு பழைய சாக்கைக் கொண்டுவரச் சொல்லி வண்டியைச் சாய்த்துப் பார்ப்பாராக. அதன்பின் பெட்டியைத் திறந்து பத்திரத்தை எடுப்பாராக. அதன்பின் பிளக்கைக் கழற்றுவாராக. இறுதியில் ஒரு தாளை எடுத்து அந்நான்கு தொகைகளையும் எழுதுவாராக. இவற்றைச் செய்து முடிக்க அரை நாள் போதும். அந்த அரை நாளின் முடிவில் அவர் எடுக்கும் தீர்மானம் திருத்துவதாயினும் விற்பதாயினும், அது அயலார் சொல்லைக் கேட்டு எடுத்த தீர்மானமாக இராது. தம் வண்டியையும் தம் தொழிலையும் தாமே அறிந்து எடுத்த தீர்மானமாக இருக்கும்.